குடும்பநல உத்தியோகத்தர் (இலங்கை)

இலங்கை அரச சுகாதார சேவையில், வீடு தேடிச் சென்று கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் கவனிக்கும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சி. மருத்துவமாது என்றும் சொல்வதுண்டு. பயிற்சி ஒன்றரை ஆண்டு. ஒருவர் பொறுப்பில் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 பேர்.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஏறக்குறைய ஐம்பது பேறுக்கு ஒரு தாய். இன்று அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. நாடு செல்வம் சேர்த்த பிறகு வந்த மாற்றமல்ல இது; பெரும் சரிவு ஏழ்மைக் காலத்திலேயே நிகழ்ந்துவிட்டது.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வைத்திய அதிகாரியின் கீழ் மருத்துவிச்சிகள் ஊர்களுக்குப் போனார்கள், வீட்டிலேயே பேறு பார்த்தார்கள். சரிவு முழுவதையும் அவர்கள் கணக்கில் எழுதிவிட முடியாது. 1946க்குப் பின் டிடிடி தெளிப்பால் மலேரியா அடங்கியது, அதனோடு வந்த இரத்தசோகையும் குறைந்தது. பென்சிலினும் இரத்தம் ஏற்றும் வசதியும் கிராமப்புற ஆஸ்பத்திரிகளும் இலவசக் கல்வியும் கைகொடுத்தன.

பேறுக்குப் பின் பெருகும் இரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில்கூட உயிரைப் பறித்துவிடும். வீட்டு வாசலில் அதற்கு வைத்தியம் இல்லை. எங்கே பிள்ளை பெறுவது, எந்த வண்டியில் போவது என்பதை நோவு கண்ட பிறகு கூடிப் பேசினால் காலம் கடந்துவிடும். அதை முன்கூட்டியே முடிவுசெய்ய வைப்பதுதான் மருத்துவமாதின் ஆகப்பெரிய வேலை எனலாம். கர்ப்பத்தைப் பதிந்து, அட்டையின் ஒரு பகுதியைத் தாயிடம் கொடுத்து, மறுபகுதியைத் தானே வைத்துக்கொள்வார். உயர் இரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன், அடுத்தடுத்த பேறுகள் ஆகியவற்றைக் கண்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கிளினிக்கில் திரிபோஷா என்னும் சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும். இப்போது ஏறக்குறைய எல்லாப் பேறும் ஆஸ்பத்திரியில்தான் என்பதால் அவர் பேறு பார்ப்பது அரிது. தாய் வீடு திரும்பியபின் காய்ச்சல், இரத்தப்போக்கு உண்டா என்று பார்க்க முதல் பத்து நாளுக்குள் இருமுறையாவது போகவேண்டும்.

தாய் இறந்தால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை நடந்ததை விசாரிப்பார்கள். 1980களில் வலுப்பெற்ற இந்த முறையின் நோக்கம் தண்டிப்பதல்ல, எங்கே பிசகியது என்று அறிவது.

மலையகத் தோட்டங்களின் கதை வேறு. அங்கே சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. அரச சேவை பிந்தியே எட்டியது. ஊர்ப்புறங்களில் வீட்டுப் பேறு அருகியபின்னும் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயன் அறைகளில் அது தொடர்ந்தது.