ஒப்படைப்புக் கடமையே அளவுகோல்: பங்கிலும் முன்பேர ஒப்பந்தத்திலும் ஷார்ட் விற்பனை விதிகள்

சந்தை சரியும் ஒவ்வொரு முறையும், கையில் இல்லாத பங்கை விற்கும் ஷார்ட் விற்பனையைத் தடுக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. 2001 மார்ச்சில், பங்குத் தரகர் கேதன் பாரேக் விவகாரத்தை ஒட்டிய சரிவின்போது, இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அத்தகைய தடையை விதிக்கவும் செய்தது. அதே ஆண்டு நவம்பரில், ஒரு பங்கைப் பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உடன்படும் தனிப்பங்கு முன்பேர ஒப்பந்தங்கள் அறிமுகமாயின. அவற்றை விற்பவரிடம் பங்கு இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. ஒரே நிறுவனத்தின் பங்கைக் கையில் இல்லாமல் விற்பது ரொக்கச் சந்தையில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முன்பேரச் சந்தையில் அன்றாட நடைமுறை. இதை முரண்பாடு என்று கருதுவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். விதி காக்கவேண்டியது ஒப்படைக்கும் கடமையை. விலை இறங்கும் என்ற கணிப்பைத் தண்டிப்பது அதன் வேலை அன்று.

ரொக்கச் சந்தையில் விற்பவர், ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தருவதாக வாக்களிக்கிறார். பங்குகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. விற்ற மறு வேலைநாளே அவை வாங்கியவரின் டீமேட் கணக்குக்கு வந்துசேர வேண்டும். கையில் இல்லாத 500 பங்குகளைக் காலையில் விற்ற சிறு முதலீட்டாளர், சந்தை மூடுமுன் திரும்ப வாங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். தவறினால், பங்குச் சந்தை ஏலம் நடத்தி அந்த 500 பங்குகளை வாங்கித் தர முனையும். கூடுதல் செலவு விற்றவர் தலையில் விழும். ஏலத்திலும் கிடைக்காவிட்டால், அபராதம் கலந்த விலையில் பணமாகத் தீர்க்கப்படும். ஆனால் வாங்கியவர் கேட்டது பங்கை. இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான், 2007 டிசம்பரில் எல்லா வகை முதலீட்டாளருக்கும் ஷார்ட் விற்பனையை அனுமதித்த செபி, ஒப்படைக்க வழியில்லாத வெறுங்கை விற்பனையை மட்டும் விலக்கியது. 2008 ஏப்ரலில் பங்குகளைக் கடனாகப் பெறும் முறையும் தொடங்கியது.

முன்பேர ஒப்பந்தத்திலோ, விற்கும் கணத்தில்தான் இருவர் சேர்ந்து ஒரு கடப்பாட்டை உருவாக்குகிறார்கள். நிலுவையில் உள்ள ஒப்பந்தங்களில் வாங்கியவர் பக்கமும் விற்றவர் பக்கமும் எப்போதும் சமம். இருவரும் மார்ஜின் என்னும் பிணைத்தொகை கட்டுகிறார்கள். நாள்தோறும் லாபநட்டம் கணக்கிடப்பட்டு, இழந்தவரிடமிருந்து பெற்றவருக்குப் பணம் போகிறது. ஒரு பங்கின் ஒப்பந்த நிலுவை அதற்குரிய சந்தை வரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டினால், இருக்கும் நிலையைக் குறைக்க மட்டுமே முடியும். அந்தக் கட்டுப்பாடு இரு தரப்புக்கும் பொதுவானது. ஒப்படைக்கும் நாள் வராதவரை, விற்பவரைப் பங்குக்குக் கடன் தேடச் சொல்வதில் பொருளில்லை.

கடமையை விட்டுவிட்டுத் திசையைக் கட்டுப்படுத்திய விதிகள் என்ன சாதித்தன என்பதற்கு அமெரிக்கா சான்று. கடைசி விலை ஏறியிருந்தால்தான் ஷார்ட் விற்கலாம் என்ற விதி அங்கே 1938 முதல் இருந்தது. 1982இல் சிகாகோவில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டு ஒப்பந்தம் வந்தபோது அந்த விதி அதற்குப் பொருந்தவில்லை. சந்தை முழுவதும் இறங்கும் என்று கணித்தவர் தடையின்றி விற்கலாம். 2005இல் சுமார் 1,000 பங்குகளுக்கு இவ்விதியைச் சோதனையாக நிறுத்திப் பார்த்த பின், 2007 ஜூலையில் அது கைவிடப்பட்டது. 2008 செப்டம்பரில் நிதி நிறுவனப் பங்குகளில் ஷார்ட் விற்பனை சில வாரங்கள் தடை செய்யப்பட்டது, சரிவு நிற்கவில்லை. நன்மையைவிடச் செலவே மிகுதியாகத் தெரிகிறது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் அன்றைய தலைவர் கிறிஸ்டோபர் காக்ஸ் அவ்வாண்டின் இறுதியில் ஒப்புக்கொண்டார்.

முன்பேர விற்பனை ரொக்க விலையையும் கீழே இழுக்கும் என்பது வலுவான மறுப்பு. இரு விலைகளும் பிணைந்தவை என்பது உண்மை. ஆனால் அந்த இழுவையைக் கடத்துபவர், மலிந்த ஒப்பந்தத்தை வாங்கி, விலை கூடிய பங்கை விற்கும் ஆர்பிட்ராஜ் வணிகர். அவர் விற்பது ரொக்கச் சந்தையில். ஆகவே ஒப்படைப்புக் கடமை அவரையும் கட்டுகிறது. கடனுக்குப் பங்கு கிடைக்காதபோது இந்தப் பிணைப்பு தளர்ந்து, ஒப்பந்த விலை பங்கு விலைக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. இதற்கு மருந்து பங்குக் கடன் சந்தையை வளர்ப்பது. பீதியின்போது சந்தைக்கு இடைவேளை தேவை என்ற மற்றொரு மறுப்பும் நியாயமானதே. ஆனால் அதற்கான கருவி நம்மிடம் உண்டு: 2020 மார்ச் 23 அன்று குறியீடு 10 சதவீதம் விழுந்ததும், ரொக்கம், முன்பேரம் இரண்டிலும் வாங்குவதும் விற்பதும் சேர்ந்தே நிறுத்தப்பட்டன.

2019 அக்டோபர் முதல் இந்தியத் தனிப்பங்கு ஒப்பந்தங்கள் அனைத்தும் முடிவு நாளில் பங்காகவே தீர்க்கப்படுகின்றன. குறியீட்டு ஒப்பந்தங்கள் மட்டும் பணமாகத் தீர்கின்றன. ஆகவே முடிவு நாள்வரை நிலையைத் தக்கவைக்கும் தனிப்பங்கு விற்பனையாளர், ரொக்கச் சந்தையில் விற்றவரின் இடத்துக்கே வந்து நிற்கிறார். எல்லைக்கோடு இரண்டு சந்தைகளுக்கு நடுவே இல்லை. ஒப்படைக்க வேண்டிய விற்பனைக்கும் வேண்டாத விற்பனைக்கும் நடுவே ஓடுகிறது. கண்டிப்பு முடிவு நாளை நெருங்கும் தனிப்பங்கு ஒப்பந்தங்களில் கூடவேண்டும். பங்குக் கடன் பெறும் வழி அவற்றுக்கு எளிதாகவேண்டும். குறியீட்டு விற்பனையை அதன் போக்கில் விடவேண்டும். பணம் கொடுத்தவரின் கணக்கில் பங்கு வந்துசேர்ந்ததா என்பதே ஒழுங்குமுறையாளர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.