வழுக்காத சக்கரம் பிறந்த கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜெட் விமானங்கள் தலையெடுத்த காலம். வானத்தில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. தரையைத் தொடும்போதுதான் வம்பு தொடங்கியது. பழைய விமானங்களைவிட அதிக வேகத்தில் வந்து இறங்கின. முன்பெல்லாம் சுழலும் புரொப்பெல்லரே காற்றைத் தடுத்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். ஜெட்டில் அந்த உதவியும் இல்லை. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தது. ஓடுபாதை மழையில் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். விமானி பிரேக்கை மிதிப்பார். சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிடும். விமானம் மட்டும் நிற்காமல் சறுக்கும். சுழலாத டயர் ஒரே இடத்தில் தேய்ந்து, சில வினாடிகளில் வெடிக்கும். சக்கரத்துக்கு வெகுதூரம் முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு, டயர் வெடிக்கும் வரை எதுவும் தெரியாது.

பிரான்சின் விமான முன்னோடி கேப்ரியல் வுவாசன் 1920-களிலேயே இதற்கு ஒரு வழி தேடிப் பார்த்தார். அவருடைய முயற்சி பரவலாகவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, பிரிட்டனின் டன்லப் நிறுவனம் அதே சிக்கலைக் கையில் எடுத்தது. 1952-இல் அது ஒரு கருவியைக் கொண்டுவந்தது. பெயர் மேக்ஸரெட். அதில் மின்னணுப் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

விமானச் சக்கரத்தோடு ஒட்டிச் சுழலும் ஒரு சிறிய உருளை. அதற்குள் கனமான ஒரு ஃப்ளைவீல். அவ்வளவுதான். சக்கரம் திடீரென்று நிற்கப் பார்த்தால் உருளையும் கூடவே நிற்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் ஃப்ளைவீலோ, டவுன்பஸ் சடன் பிரேக் போட்டதும் நின்றுகொண்டு வரும் பயணிகள் முன்னால் சாய்வதுபோல, தன் வேகத்திலேயே முன்னுக்கு ஓடும். அந்தச் சின்ன முந்துதல் ஒரு வால்வைத் திறந்துவிடும். பிரேக் எண்ணெயின் அழுத்தம் இறங்கும், சக்கரம் விடுபட்டு மறுபடி சுழலும், வால்வு மூடும், பிரேக் மறுபடி பிடிக்கும். பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, ஒரு வினாடிக்குள் பல முறை. விமானி முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தால் போதும். வான்வழிப் போக்குவரத்தில் மேக்ஸரெட் வேகமாகப் பரவியது. அப்போதுதான் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடத்தில் சிலருக்கு வேறொரு யோசனை வந்தது.

சறுக்கினாலும் கார் நான்கு சக்கரத்தில் நிற்கும். மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முன்சக்கரம் சுழலும்வரைதான் அது நிமிர்ந்து நிற்கும். சக்கரம் இறுகியதும் ஹேண்டில்பார் பேச்சைக் கேட்காது, வண்டி படுத்துவிடும். இந்தக் கருவி யாருக்காவது உயிர்த்தேவை என்றால் அது இருசக்கர வண்டி ஓட்டுபவருக்குத்தான். 1958-இல் ஆராய்ச்சிக்கூடம் விமானத்துக்கான மேக்ஸரெட்டை ஒரு மோட்டார் சைக்கிளில் மாட்டியது. வழுக்கும் தரையில் விட்டுப் பிரேக் போட்டுப் பார்த்தது. இறுகிய சக்கரத்தோடு ஒப்பிட்டால், வண்டி நிற்கும் தூரம் 30 சதவீதம் வரை குறைந்தது. விபத்துகளில் பெரும்பங்கு சறுக்கலால் வரும் ஒரு வாகனத்துக்கு இது சாதாரணக் கண்டுபிடிப்பா? சோதனைக்கு எடுத்துக்கொண்ட வண்டி ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். கம்பெனிக்கும் செய்தி போனது.

என்ஃபீல்டின் தொழில்நுட்ப இயக்குநர் டோனி வில்சன் ஜோன்ஸ் அதைப் பார்த்தார். இதற்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. திட்டம் அங்கேயே மூடப்பட்டது. மோட்டார் சைக்கிள் உலகம் அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் ஈரச்சாலைகளில் விழுந்தவர்களை எண்ணிப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஆனால் விதி அந்தக் கம்பெனியை விடவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1955-இல், என்ஃபீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்திருந்தது. திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டிருந்தது.

கார்க்காரர்களுக்கும் முதல் முயற்சி கைகொடுக்கவில்லை. 1966-இல் இங்கிலாந்தின் ஜென்சன் நிறுவனம் எஃப்எஃப் என்ற காரில் மேக்ஸரெட்டை வைத்து விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி வேறு. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1971-இல் தயாரிப்பை நிறுத்தும்போது விற்பனைக்கு வந்திருந்தவை 320 கார்கள் மட்டுமே. எந்திரத்தால் மட்டும் இது ஆகாது, சக்கரத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்க மின்னணு மூளை வேண்டும் என்று ஜெர்மனியில் சிலர் அதற்குள் முடிவுக்கு வந்திருந்தார்கள்.

மெர்சிடஸ் பென்ஸின் ஹான்ஸ் ஷெரன்பெர்க் 1953-லேயே சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர். 1960-களில் டெல்டிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் ஹைன்ஸ் லைபர் துணைக்கு வந்தார். 1970 டிசம்பரில் உன்டர்டுர்க்ஹைம் சோதனைத் தளத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஈரத் தரையில் முழு பிரேக் போட்டுக்கொண்டே வளைந்து போகும் காரைக் காட்டினார்கள். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். விரைவில் கடைக்கு வரும் என்று அறிவிப்பும் வந்தது. வரவில்லை. பெட்டிக்குள் சுமார் ஆயிரம் மின்னணுப் பாகங்கள். அன்றாட ஓட்டத்தின் குலுக்கலுக்கும் வெயிலுக்கும் குளிருக்கும் அவை ஈடுகொடுக்கவில்லை. பிரேக்கை ஒப்படைத்துவிட்டு நம்பி இருக்கக்கூடிய பொருளாக அது இல்லை.

எட்டு வருஷம் போனது. அதற்குள் டிஜிட்டல் சில்லுகள் வந்து சேர்ந்தன. டெல்டிக்ஸின் வேலையை எடுத்துக்கொண்ட பாஷ் நிறுவனம் பாகங்களின் எண்ணிக்கையை 140 ஆகச் சுருக்கியது. 1978-இல் மெர்சிடஸ் எஸ் கிளாஸ் காரில் கேட்டு வாங்கும் கூடுதல் வசதியாக அது விற்பனைக்கு வந்தது. பெயர் ஆன்டி லாக் பிரேக்கிங் சிஸ்டம். சுருக்கமாக, இன்று மெக்கானிக் கடைப் பையன்கள்வரை எல்லோரும் சொல்லும் ஏபிஎஸ்.

அந்தப் பெட்டிக்குள் இன்னொரு அதிர்ஷ்டமும் ஒளிந்திருந்தது. சக்கரத்தின் பிரேக்கைத் தனித்தனியாக விட்டுப் பிடிக்கக் கற்றுக்கொண்ட எந்திரம், ஓட்டுநர் மிதிக்காமலே பிடிக்கவும் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? 1995-இல் வந்த ஈஎஸ்பி, கார் பாதை தவறிச் சுழலப் பார்த்தால் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நேராக்கியது. இன்று ரேடாரும் கேமராவும் முன்னால் நிற்கும் லாரியைப் பார்த்துத் தானாகவே பிரேக் போடும் கார்கள் இருக்கின்றனவே, அவை பெரும்பாலும் பிரேக் எண்ணெயை அழுத்துவது அதே குடும்பத்துப் பம்பு வழியாகத்தான். ஓட்டுநருக்கு உதவும் இன்றைய வசதிகளில் பிரேக்கைத் தொடும் பெரும்பாலானவை ஏபிஎஸ்ஸின் தோளில் ஏறித்தான் வந்தன. இத்தனை நடந்தும், 1958-லேயே சோதித்துப் பார்த்த மோட்டார் சைக்கிள் மட்டும் வெளியே நின்றது.

அதற்கும் காலம் கனிந்தது. 1988-இல் பிஎம்டபிள்யூ தன் கே 100 வண்டியில் ஏபிஎஸ் வைத்தது. அந்தக் கருவியின் எடை சுமார் 11 கிலோ! பெரிய டூரிங் வண்டி சுமக்கும். நம்மூர் வண்டி சுமக்குமா? எடை குறையக் குறைய விலையும் இறங்கியது. 2010 வாக்கில் இருசக்கர வண்டிக்கென்றே செய்த பாஷ் ஏபிஎஸ் ஒரு கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. 2011-இல் ஓசூரின் டிவிஎஸ் தன் அப்பாச்சி ஆர்டிஆர் 180-இல் ஏபிஎஸ் பொருத்தி விற்றது. இந்தியக் கம்பெனி ஒன்றின் மோட்டார் சைக்கிளில் அது வந்தது அதுவே முதல் தடவை. வாங்கியவர்கள் குறைவு. பிரேக் போட்டால் நிற்கிற வண்டிக்கு எதற்குக் கூடுதல் பணம் என்று கடையிலேயே பேச்சு முடிந்துவிடும். சட்டம் வந்தால்தான் உண்டு என்ற நிலை.

சட்டம் வந்தது. 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், அந்த வகையில் விற்கும் எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயம். இங்கிலாந்தில் என்ஃபீல்டு 1970-லேயே மூச்சை நிறுத்தியிருந்தது. மெட்ராஸில் பிழைத்த கிளைதான் அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தது. 2018 ஆகஸ்டில் அந்தச் சென்னைக் கம்பெனி கிளாசிக் சிக்னல்ஸ் 350-ஐ இரு சக்கரத்திலும் ஏபிஎஸ்ஸோடு இறக்கியது. இந்தியாவில் அது விற்ற முதல் ஏபிஎஸ் வண்டி. அறுபது ஆண்டுகளுக்கு முன் கைவிட்டது அப்படி வீடு திரும்பியது. 2023 ஜனவரியில் அதே கம்பெனி 650 சிசி வண்டி ஒன்றை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சக்கரத்திலும் ஏபிஎஸ். வண்டியின் பெயர் சூப்பர் மீட்டியர்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையம் பக்கத்துச் சாலைகளில் ஏபிஎஸ்ஸின் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். மக்காச்சோள அறுவடை முடிந்ததும் தார்ச்சாலையின் ஒரு பாதி களமாகிவிடும். ஓரத்தில் கற்களை வரிசையாக அடுக்கி, மணியைப் பரப்பிக் காயவைப்பார்கள். எதிரே பஸ் வந்தால் பைக்குக்கு மிச்சமிருப்பது மணிமேல்தான். அந்த நேரத்தில் பதறி முன்பிரேக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊரில் நிறைய முழங்கால்கள் சாட்சி. ஏபிஎஸ் வண்டியில், டிஸ்க்கின் உட்பக்கம் துளைதுளையாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதன் எதிரே விரல் பருமனில் ஒரு சென்சார், கடந்துபோகும் துளைகளை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் சக்கரம் இறுகப்போகிறது என்று பொருள். உடனே வால்வு அழுத்தத்தை விடுவிக்கும், பம்பு எண்ணெயைத் திருப்பி அனுப்பும். பிடித்த லீவர் விரலுக்குக் கீழே படபடவென்று துடிக்கும். வண்டி நிமிர்ந்தபடி நிற்கும்.

மணியிலும் சரளையிலும் ஏபிஎஸ் வண்டி நிற்கும் தூரத்தைக் குறைத்துவிடாது. சில நேரம் கூடவும் செய்யும். கல்வராயன் மலையின் மண்தடங்களில் ஏறுகிறவர்களுக்காகத்தான் ராயல் என்ஃபீல்டின் 2020 ஹிமாலயனில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள்போலிருக்கிறது. ஆனால் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் தார்ச்சாலையில், மழை விட்ட மறுநிமிடம், அது தருவது உயிர்.

ஆனால் நைனார்பாளையத்தில் பால் கேனும் உரமூட்டையும் ஏற்றிப் போகும் வண்டிகள் பெரும்பாலும் 100 சிசி. அவற்றுக்கு அந்த 2018 சட்டம் பொருந்தவில்லை. முன், பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்றிருந்தது. 2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சின்ன வண்டிகளுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்க வரைவு அறிவிப்பு வெளியிட்டது. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஏபிஎஸ்ஸுக்கு எண்ணெயில் வேலை செய்யும் பிரேக் வேண்டும்; இந்த வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது கம்பியால் இழுக்கும் டிரம் பிரேக். முதலில் அதைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்ட வேண்டும், அதற்கு ஒரு விலை, ஏபிஎஸ்ஸுக்கு ஒரு விலை. அதிகம் விழுகிற வண்டி, குறைந்த பணத்துக்கு வாங்கப்படுகிற வண்டி, இரண்டும் ஒன்றாக இருப்பதால் அந்தக் கூடுதல் ரூபாயை யார் கட்டுவது என்ற கேள்வி அன்றே கிளம்பிவிட்டது.