சேலம் சமவெளியில் கும்பினிக் காசு: வடிவமும் விலையும்

இன்றைய சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லி ஆத்தூர் வட்டாரத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1792-இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானின் கையைவிட்டுக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் வந்தன. யானை பொறித்த மைசூர்ச் செம்புக் காசு பழகிய ஊர்களுக்கு அதன்பின் சென்னைக் கணக்கு வந்து சேர்ந்தது: எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். நிலவரியை வராகனில் எழுதினாலும் சந்தைச் சில்லறை செம்பில்தான் நடந்தது. அதற்காக 1803-இலும் 1808-இலும் இங்கிலாந்தின் பர்மிங்காமில், மேத்யூ போல்ட்டனின் சோஹோ அக்கசாலையில், நீராவி இயந்திரத்தில் அடித்து அனுப்பியதுதான் பத்துக் காசும் இருபது காசும். எட்டுப் பத்துக் காசு கொடுத்தால் ஒரு பணம். இன்று இவற்றுக்குச் சேகரிப்பாளர் தரும் விலையைப் பழமை தீர்மானிப்பதில்லை. எத்தனை காசு, எந்த நிலையில் பிழைத்தது என்பதே தீர்மானிக்கிறது.

பத்துக் காசைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கும்பினியின் கேடயம், இரு புறமும் சிங்கங்கள், அடியில் ஆண்டு. நாடாவில் உள்ள லத்தீன் வாசகம் இங்கிலாந்து அரசர், நாடாளுமன்றம் இரண்டின் அதிகாரத்தையும் சொல்கிறது. மறுபக்கம் பாரசீக எழுத்து. பத்துக் காசு இரண்டு ஃபலூஸ் என்பது அதன் பொருள். தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. அதே காலத்துச் சென்னை வெள்ளிப் பணங்களில் தமிழும் தெலுங்கும் இருப்பதால், இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. முகலாய மரபின் அலுவல் மொழியைத் தொலைதூர அக்கசாலை அப்படியே அச்சில் ஏற்றியது என்றே கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத உழவருக்கு எடை போதும்: பத்துக் காசு நாலரை கிராமுக்குச் சற்று மேல், இருபது காசு அதைப்போல் இரட்டிப்பு.

1809 ஜனவரியில், 1808-ஆம் ஆண்டுக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், இங்கிலாந்துக் கரையோரக் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980-களின் நடுவில் பத்து லட்சத்துக்கும் குறையாத காசுகள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றில் பல, ஒரு கைகூடப் படாத கூர்மையோடு இருந்தன. விளைவு, 1808 பத்துக் காசு உலகச் சந்தையில் மலிந்தது. மாறாக, அதே சோஹோ அக்கசாலை 1803-இல் பொன்முலாம் பூசித் தனியாக அடித்த மாதிரிக் காசுகள் மிகச் சிலவே. இரண்டுக்கும் வயது வேறுபாடு ஐந்தே ஆண்டு. விலை வேறுபாடோ பல மடங்கு. ராஜராஜன் பெயர் பொறித்த ஆயிரம் ஆண்டுப் பழைய செம்புக் காசுகள் இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதும், விலையைப் பழமை தீர்மானிப்பதில்லை என்பதையே உறுதிசெய்கிறது.

‘கும்பினிக் காசு லட்சம் பெறும்’ என்ற பேச்சு ஓயவில்லையே என்று கேட்கலாம். அந்தப் பேச்சில் சுற்றுபவை பெரும்பாலும் ராமர் பட்டாபிஷேகமும் 1616, 1717, 1818 என்ற ஆண்டுகளும் பொறித்த பித்தளை, செம்பு வில்லைகள். 1616-இல் கும்பினிக்குக் காசு அடிக்கும் அக்கசாலையே இந்தியாவில் கிடையாது. சென்னையில் கோட்டை எழுந்ததே 1640-களை ஒட்டித்தான். அவை பின்னாளில் செய்த வில்லைகள். நம்பி ஏமாந்தவர்களுக்காகவேனும் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலில் கிடந்த காசு புழக்கத்துக்கே வராதது, அதை வைத்து ஊர்க்காசை மதிப்பிடலாமா என்பது இன்னும் கனமான மறுப்பு. சந்தை மதிப்பிடத்தான் செய்கிறது; தர மதிப்பீட்டில் தேய்மானம் ஒரு குறையே. ஆனால் ஆய்வாளருக்கு நிலை தலைகீழ். சிங்கத்தின் முகமே தெரியாமல் மழுங்கிய காசு, அது கைமாறியதற்குச் சான்று. கெங்கவல்லி வழியே ஓடும் சுவேத நதியின் கரை வயலிலோ பழைய வீட்டுச் சுவரிலோ அத்தகைய காசு கிடைத்தால், எந்த இடத்தில், எந்த ஆழத்தில், வேறு எந்தக் காசுகளோடு கிடந்தது என்ற விவரம் காசைவிட மதிப்புள்ளது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், களிம்போடு சேர்ந்து எழுத்தும் போகும், விலையும் போகும்.