எல்ஆர்பிபிஆர்சி புரதம்

மனித மைட்டோகாண்ட்ரியாவில் தூது ஆர்என்ஏக்களைப் பற்றிக் காக்கும் புரதம். இதன் மரபணு உயிரணுக் கருவில், 2ஆம் குரோமோசோமில் உள்ளது. புரதம் வெளியே உருவாகி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ 16,569 கார இணைகளே கொண்டது. அதிலுள்ள 37 மரபணுக்களில் 13 மட்டுமே புரதங்களுக்கானவை. அவற்றை இயக்கவும் கருவிலிருந்து வரும் புரதங்களையே நம்ப வேண்டியிருப்பது இந்த நுண்ணுறுப்பின் வியப்பான இயல்பு.

எல்ஆர்பிபிஆர்சி, ஸ்லிர்ப் என்னும் சிறு புரதத்துடன் இணைந்து ஆர்என்ஏ இழையை மடிந்து சிக்காமல் வைத்திருக்கிறது, சிதைவிலிருந்து காக்கிறது, அதன் முனையில் அடினைன் வால் சேர்வதற்கும் துணைசெய்கிறது. இந்த வால் அலங்காரம் அன்று. சில மைட்டோகாண்ட்ரியத் தூது ஆர்என்ஏக்கள் புரத உருவாக்கத்தை நிறுத்தும் முற்றுக் குறியின் தொடக்க எழுத்துகளான யு அல்லது யுஏ-வோடு நின்றுவிடும். வால் சேர்ந்த பிறகே யுஏஏ முழுமையாகும். என்டி6 மரபணுவின் தூது ஆர்என்ஏ மட்டும் இப்புரதத்தை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்துச் சாகெனே–லாக்-சான்-ஷான் பகுதியில் காணப்படும் ஒருவகை லீ நோய்க்கு இம்மரபணுவின் பிறழ்வே காரணம் என 2003இல் கண்டறியப்பட்டது. புரதத்தின் 354ஆம் இடத்தில் அலனைனுக்குப் பதில் வேலைன் அமர்வதால் அதன் அளவு குறைகிறது. இதனால் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நொதி நலிந்து, குழந்தைகளின் மூளையும் கல்லீரலும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிறழ்ந்த மரபணு வந்தால்தான் நோய் தோன்றும்.