குவிமாடம் இல்லாத மசூதி உண்டா? இஸ்லாமியக் கலை இந்தியாவில் எடுத்த பல வடிவங்கள்

உங்கள் போனில் மசூதி எமோஜியைத் தேடிப் பாருங்கள். ஒரு குவிமாடம், பக்கத்தில் ஒரு மினார். செய்தி கிராஃபிக்ஸ், சினிமா செட், பள்ளிக்கூட ஓவியம் என எங்கே பார்த்தாலும் இதே படம்தான். ஆனால் கோழிக்கோடு குற்றிச்சிறையில் இருக்கும் மிஷ்கால் பள்ளியின் முன்னால் போய் நின்றால், இது மசூதியா, பழைய தறவாட்டு வீடா என்று ஒரு கணம் குழம்பிப் போவீர்கள். அடுக்கடுக்கான ஓட்டுக்கூரை, மரச் சுவர்கள், அருகிலேயே ஒரு பெரிய குளம். குவிமாடமும் கிடையாது, மினாரும் கிடையாது.

அப்படியென்றால் மசூதிக்கு எதுதான் கட்டாயம்?

யோசித்தால் ரொம்பக் கொஞ்சம்தான். சுத்தமான இடம் வேண்டும். மெக்காவை நோக்கிய திசை தெரிய வேண்டும். அந்தத் திசையைக் காட்டுவதற்காக மேற்குச் சுவரில் (இந்தியாவில் நமக்கு மேற்கு) மிஹ்ராப் என்ற மாடம் பிற்பாடு வழக்கமானது. மதீனாவில் நபிகள் நாயகத்தின் மசூதி மண் செங்கல் சுவரும், பேரீச்சை மரத் தூண்களும், பேரீச்சை ஓலைக் கூரையுமாகத்தான் இருந்தது.

சரி, குவிமாடம் எங்கிருந்து வந்தது? அரபுகள் ஆளத் தொடங்கிய சிரியா, பாலஸ்தீனம், ஈரான் பகுதிகளில் பைசாந்திய, சசானியக் கட்டடக்காரர்கள் ஏற்கெனவே அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெருசலேமில் கி.பி. 691-92-ல் எழுந்த பாறைக் குவிமாடம் அந்தக் கைவேலையின் தொடர்ச்சிதான். இஸ்லாமியக் கலை என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, ஒவ்வோர் ஊரிலும் அங்கிருந்த கொத்தனாரும் தச்சரும்தான் அதற்கு உருவம் கொடுத்தார்கள்.

டெல்லியில் தெரியும் தடுமாற்றம்

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குதுப் மினார் வளாகத்துக்குப் போங்கள். 1190-களில் தொடங்கப்பட்ட குவ்வத்-உல்-இஸ்லாம் மசூதி அங்கே இருக்கிறது. 27 கோயில்களின் பொருட்களைக் கொண்டு அது கட்டப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மணியும் சங்கிலியும் செதுக்கிய தூண்களை இன்றும் பார்க்கலாம். அந்த வரலாற்றை மறைத்துவிட்டு இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச முடியாது.

அதன் முகப்பில் உள்ள பெரிய வளைவுகளைக் கொஞ்சம் உற்றுக் கவனியுங்கள். வளைவு மாதிரி தெரியும், உண்மையில் அவை வளைவு இல்லை. கற்களைப் படுக்கையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கீழே இருப்பதைவிடச் சற்று வெளியே நீட்டி, கடைசியில் மேலே இணைத்திருக்கிறார்கள். உள்ளூர் சிற்பிகளுக்குத் தெரிந்த பழைய முறை அது. ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி எடையைத் தாங்கும் உண்மையான வளைவு, 1287-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட பால்பனின் கல்லறையில்தான் தெரிகிறது. டெல்லியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று அது. 1311-ல் கட்டிய அலாய் தர்வாசாவுக்கு வரும்போது கை நன்றாகப் பழகிவிட்டது.

கல் இல்லாத ஊர், பனி பெய்யும் ஊர்

வங்காள டெல்டாவில் கல் அரிது. அதனால் அங்கே செங்கல்லும் சுடுமண் அலங்காரமும். மழைநீர் வழிந்தோட மூங்கில் குடிசைகளின் கூரையை வளைத்துக் கட்டுவார்கள் அல்லவா, அதே வளைவு மசூதிகளின் மேல்விளிம்பிலும் வந்தது. பிறகு அது முகலாயர் அரண்மனைகளுக்கும் ராஜஸ்தானுக்கும் பயணம் போனது. (நாம் சொல்லும் 'பங்களா'வும் அந்த வங்காள வீட்டின் பெயர்தான்.)

ஸ்ரீநகரில் ஜீலம் கரையில் இருக்கும் ஷா ஹம்தான் கான்காவுக்கு பிரமிடு போன்ற அடுக்குக் கூரை, உச்சியில் கூர்முனை. தேவதாரு மரமும், பனி சறுக்கி விழும் சரிவும் அங்கே அவசியம். மரத்துக்கு ஆபத்து தீ: எரிந்துபோன கட்டடத்தை 1732-ல் மறுபடி கட்டினார்கள். 2017 நவம்பரிலும் தீப்பிடித்து உச்சிக் கோபுரம் சேதமானது.

அகமதாபாத்தில் கல்லையே சல்லடையாக்கினார்கள். 1572-73-ல் கட்டிய சிதி சய்யித் மசூதியின் ஜன்னலில், பின்னிப் பிணைந்த கிளைகளோடு ஒரு மரம். ஐஐஎம் அகமதாபாத்தின் சின்னம் அதிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுக் கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். செதுக்கியதெல்லாம் பூவும் கொடியும்தான், உருவங்கள் இருக்காது.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்?

1510-ல் போர்ச்சுகீசியர் வைத்த தீயையும் தாண்டி மிஷ்கால் பள்ளி நிற்கிறது. ஆனால் கேரளத்தில் எத்தனையோ பழைய ஓட்டுக்கூரைப் பள்ளிகள் எந்தப் படையெடுப்பும் இல்லாமலே காணாமல் போய்விட்டன. கூட்டம் பெருகியது, இடம் போதவில்லை, மர வேலைக்கும் ஓடு மாற்றவும் செலவு அதிகம் என்று காரணங்கள் நியாயமானவைதான். இடித்த இடத்தில் எழுவது பெரும்பாலும் கான்கிரீட் குவிமாடம். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அங்கே பார்த்துப் பழகிய வடிவம் அது.

சட்டமும் பெரிதாக உதவாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டு பழமை இருந்தால் மட்டும் போதாது, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கவும் வேண்டும். நாடு முழுக்க மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, எல்லா வகையும் சேர்த்து, சுமார் 3,700 சின்னங்கள்தான். உங்கள் தெருமுனைப் பள்ளிவாசல் அதில் இருக்க வாய்ப்பு குறைவு. ஓட்டை மாற்றுவதா, மொத்தமாக இடிப்பதா என்பதை ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு அந்த ஜமாஅத்தே கூடிப் பேசி முடிவு செய்துவிடலாம்.