கல்தளமும் ஈரமும்

இங்கிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் முந்நூறு, நானூறு ஆண்டுப் பழைமையுடைய வீடுகள் பல இன்றும் மக்கள் வாழும் இல்லங்களாகவே விளங்குகின்றன. அவற்றின் சமையலறையிலும் நடையிலும் அகன்ற கற்பலகைகள் பாவப்பட்டிருக்கும். யோர்க்சயரில் மணற்கல், சொமசெற்றில் நீலச் சுண்ணக்கல், டோசெற்றில் பேர்பெக் கல், வேல்சில் சிலேற்றுக்கல் என, அவ்வப் பகுதியில் அகழ்ந்தெடுத்த கல்லே அவ்வப் பகுதி வீட்டின் தளமாயிற்று. தலைமுறை தலைமுறையாக நடந்த கால்கள் வாயிலருகே அக்கல்லைக் குழிவாகத் தேய்த்துள்ளன. இத்தளங்களைத் திருத்துவதற்கெனச் செய்த முயற்சிகளே பல வேளைகளில் அவ்வீடுகளுக்குக் கேடாய் முடிந்தன.

பழைய கொத்தர் இத்தளத்தை அமைத்த முறை மிக எளியது. மண்ணை இறுக்கி, அதன்மேல் மணலையோ சாம்பலையோ சுண்ணாம்பையோ மெல்லெனப் பரப்பிக் கல்லைப் படுத்தனர். நிலத்தின் ஈரத்தை மறிக்கும் தடுப்பு எதுவும் இடப்படவில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணின் ஈரம் மேலேறும். கல்லிடை இடுக்குகள் வழியே ஆவியாகிப் போய்விடும். சுவர்களும் சுண்ணச் சாந்தினாற் கட்டப்பட்டு வெள்ளையடிக்கப்பட்டமையால், உள்வாங்கிய ஈரத்தை வெளியே விடும் இயல்பு அவற்றுக்கும் இருந்தது. அடுப்பங்கரையில் எரிந்த தீ, கதவிடுக்குகளினூடே காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியாக மேலே செலுத்தியது. ஈரம் வருவதும் போவதும் ஓர் ஒழுங்கில் நிகழ்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இவ்வொழுங்கை மாற்றியது. 1824 ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்தவரான யோசேப்பு அஸ்ப்டின் என்பவர் புதுவகைச் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். டோசெற்றின் போட்லண்டுக் கல்லை ஒத்திருந்தமையால் அது போட்லண்டுச் சீமெந்து எனப் பெயர் பெற்றது. 1875 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தையொட்டி எழுந்த கட்டட விதிகள், புதிய வீட்டின் சுவர் அடியில் ஈரத்தடுப்புப் படை ஒன்றை வேண்டின. நெருக்கடியும் நோயும் மலிந்த தொழில் நகரங்களில் இவ்விதிகள் பெரும் நன்மை செய்தன. ஆயின், புதிய வீட்டுக்குப் பொருந்திய மருந்தைப் பழைய வீட்டுக்கும் ஊட்டியபோதே தொல்லை தொடங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டில் எத்தனையோ வீடுகளிற் கற்பலகைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவ்விடத்தில் தாரோ பொலித்தீன் விரிப்போ இட்டுக் கொங்கிறீற்று வார்க்கப்பட்டது. தளம் உலர்ந்தது, வீட்டாரும் மகிழ்ந்தனர். ஆனால் கீழுள்ள ஈரம் மறையவில்லை. மேலெழ வழியின்றி ஓரங்களை நாடிச் சென்று, தடுப்பற்ற பழைய சுவரில் ஏறியது. சுவரை உலர்த்தச் சீமெந்து பூசினர். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டது. உப்புப் பூத்தது, பூச்சு உதிர்ந்தது, சுவரிற் பதிந்த மரத்தின் முனைகள் உழுத்தன. புகைபோக்கியை அடைத்துச் சாளரங்களை இறுக மூடிய வீடுகளிலோ, சமையலிலும் குளியலிலும் எழுந்த நீராவி குளிர்ந்த கல்லிற் படிந்து வியர்த்தது. அதையும் நிலத்தின் ஈரமெனவே பலர் மயங்கினர்.

பழைய கட்டடங்களைப் பேணும் சங்கத்தை வில்லியம் மொரிஸ், பிலிப் வெப் முதலியோர் 1877 ஆம் ஆண்டில் நிறுவினர். பழைமையை மீட்பதாகக் கூறித் தேவாலயங்களின் உண்மைப் பழைமையை அழித்தோருக்கு எதிராக எழுந்த சங்கம் அது. சிறு பழுதை உடனுக்குடன் சீர்செய்தாற் பெரும் திருத்தம் வேண்டியதில்லை என்பது அதன் கொள்கை. இக்கொள்கை எளிய இல்லங்களுக்கும் பொருந்துவதாயிற்று.

இன்று தேர்ந்த கொத்தர் கல்லிற் கைவைக்குமுன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பர். பீலி உடைந்துள்ளதா, வடிகால் அடைபட்டுள்ளதா, வெளிமண் உள்தளத்தினும் உயர்ந்துள்ளதா என ஆராய்வர். இவற்றைத் திருத்திய அளவிலேயே ஈரம் பெரிதும் தணிவதுண்டு. ஆயினும் தடித்த சுவர் முற்றாக உலர மாதங்கள் பல ஆகும், பொறுமை வேண்டும். கல் அசையாதிருப்பின் அதைப் பெயர்ப்பதில்லை. பெயர்த்தே ஆகவேண்டுமெனின், ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டுப் படம் வரைந்துகொள்வர். பழஞ்சுவரின் அத்திவாரம் ஆழமற்றதாய் இருக்கக்கூடும்; ஆதலால் அதன் அருகே ஆழத் தோண்டார். நுரைக்கண்ணாடித் துண்டுகளையோ சுட்ட களிமண் உருண்டைகளையோ பரப்பி, அதன்மேற் சுண்ணாம்புக் கொங்கிறீற்று இட்டு, கற்களைப் பழைய வரிசையிலேயே அமைப்பர். துண்டுகளுக்கு இடையேயுள்ள வெளி, நீர் ஏறுவதைத் தடுக்கும், ஆவி செல்வதைத் தடாது, வெப்பத்தையும் காக்கும். இடுக்குகளைச் சுண்ணச் சாந்தினால் நிரப்புவர். மினுக்கும் மெழுகுப் பூச்சுக்களைத் தவிர்ப்பர்.

தேய்ந்த குழிவைச் சமப்படுத்த அவர்கள் முனைவதில்லை. அங்கு வாழ்ந்து மறைந்தோர் பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்தம் காலடிகள் எழுதிய வரலாறு அக்கல்லில் மட்டுமே எஞ்சியிருக்கின்றது.