ஏழு கோவில், ஒரு வலை, ஒரு பௌர்ணமி

மாமல்லபுரம் போனா நாம எல்லாரும் எடுக்குறது ஒரே போட்டோதான். முன்னாடி கடற்கரைக் கோவில், பின்னாடி கடல். இன்னைக்கு எபிசோட் அந்தப் பின்னாடி இருக்குற கடலைப் பத்தி.

அந்தக் கால ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை 'செவன் பகோடாஸ்', அதாவது ஏழு கோவில்னு சொல்வாங்க. கரையில நிக்கிறது 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ராஜசிம்ம பல்லவன் கட்டினது. மீதி ஆறும் கடலுக்குள்ள போயிடுச்சுங்கிறது ஊர்க்கதை.

வில்லியம் சேம்பர்ஸ்னு ஓர் ஆங்கிலேயர் 1772-லயும் 1776-லயும் இங்க வந்தார். கேட்டதை 1788-ல அச்சில் வெளியிட்டார். கடலுக்குள்ள செப்புத் தகடு வேய்ந்த கோபுர உச்சிகள் சூரிய உதயத்துல மின்னியதை ஊர்ப் பெரியவங்க பார்த்திருக்காங்களாம். நகரத்தோட அழகைப் பார்த்துத் தேவர்களே பொறாமைப்பட்டு, கடலை ஏவி மூழ்கடிச்சாங்கங்கிற கதையையும் அவர் எழுதி வெச்சார். ராபர்ட் சதேங்கிற ஆங்கிலக் கவிஞர் 1810-ல தன்னோட காவியத்துல இந்த மூழ்கின நகரத்தை எடுத்துக்கிட்டார். நம்ம கடற்கரைப் பேச்சு லண்டன்ல இலக்கியம் ஆயிடுச்சு!

ஆனா இந்தக் கதையைத் தினமும் தொட்டுப் பார்த்தவங்க கவிஞர்கள் இல்ல, கட்டுமரத்துல போனவங்க. மரத்துண்டுகளைக் கயிறால கட்டின மிதவை அது. அதுல உட்கார்ந்தா கடல்மட்டத்துலயே உட்கார்ந்த மாதிரி. அடியில பாறை இருந்தா முதல்ல தெரியுறது வலைக்குத்தான். இப்ப ஃபைபர் படகு ஓட்டுற ஓர் அண்ணன்கிட்ட, "கீழ கோவில் இருக்காண்ணா?"ன்னு கேட்டேன். "வலை மாட்டுற எடம் தெரியும் தம்பி. அது கோவிலா பாறையான்னு நீங்கதான் படிச்சுச் சொல்லணும்"னார்.

2002 ஏப்ரல்ல அப்படித்தான் நடந்தது. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவும், மீனவர்கள் சொன்னதை வெச்சு முங்கிப் பார்த்தாங்க. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரம், 5 முதல் 8 மீட்டர் ஆழம். அங்க சுவர்களோட மிச்சமும் செதுக்கின கற்களும் சிதறிக் கிடந்தன.

அடுத்தது 2004 டிசம்பர் 26. சுனாமிக்கு முன்னாடி கடல் உள்வாங்கினப்போ வரிசையா பாறைகள் தெரிஞ்சதா கரையில நின்னவங்க சொன்னாங்க. அலை மணலை அரிச்சதுல சிற்பங்கள் வெளிய வந்தன. பக்கத்துச் சாளுவன்குப்பத்துல பாறைக் கல்வெட்டு ஒண்ணு தெரிஞ்சது. அதைப் பிடிச்சுத் தோண்டின தொல்லியல் துறை, 2005-ல ஒரு பழைய முருகன் கோவிலைக் கண்டுபிடிச்சது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கும் கீழ அதைவிடப் பழைய செங்கல் கோவில் இருந்தது. முன்னாடியே கடல் அதைச் சிதைச்சிருக்கலாம்னு அகழாய்வு செஞ்சவங்க கருதுறாங்க.

அப்ப ஏழு கோவிலும் நிஜமா? அப்படிச் சொல்லிட முடியாது. ஏழுங்கிற எண்ணுக்கோ செப்புக் கோபுரத்துக்கோ ஆதாரம் கிடைக்கல. கதையை நான் கோடுல வர்ற பாயின்டர் மாதிரி பார்க்குறேன். எங்க தேடணும்னு முகவரி சொல்லும்; அங்க என்ன இருக்குன்னு போய்த்தான் பார்க்கணும். கதையை அப்படியே நம்புறவங்க நேரா லெமூரியா வரைக்கும் போயிடுறாங்க. கட்டுக்கதைன்னு ஒதுக்குறவங்க முகவரியையே தொலைச்சுடுறாங்க.

நிலா விஷயமும் இதேதான். சுனாமி வந்த அன்னைக்குப் பௌர்ணமி. அதனால நிலாதான் காரணம்னு இன்னும் சிலர் சொல்றாங்க. பௌர்ணமியில ஓதம் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனா சுனாமியைக் கிளப்பினது சுமத்ரா பக்கத்துல கடலுக்கடியில நடந்த நிலநடுக்கம்.

அதே கரையில இன்னொரு பௌர்ணமி இருக்கு, மாசி மகம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து இருளர் மக்கள் வருஷா வருஷம் இங்க கூடுவாங்க. புடவையில கூடாரம் கட்டி, ராத்திரி தங்கி, மணல்ல ஏழு படி பிடிச்சு, விடியறப்போ கன்னியம்மனைக் கும்பிடுவாங்க. அங்கேயே கல்யாணம், காதுகுத்து. கோவிச்சுக்கிட்டுக் கடலுக்குள்ள போன அம்மனைத் திரும்பக் கூப்பிடுறதா ஒரு கதை உண்டு.

இதை மூழ்கின நகரத்துக்கு ஆதாரமா நான் காட்டல. ஆனா அந்தக் கடற்கரையை டூரிஸ்ட் ஸ்பாட்டா மட்டும் பார்த்து, வருஷத்துல ஒரு ராத்திரி அங்க படுக்குறவங்களை இடைஞ்சலா நினைச்சா, அவங்க வாய்மொழியா வெச்சிருக்கிறதும் காணாமப் போகும். அதைத் தோண்டி எடுக்க எந்தச் சுனாமியும் உதவாது.

அடுத்த மாசி மகத்துக்குப் போனீங்கன்னா, கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. முடிஞ்சா பக்கத்துல உட்கார்ந்து கதை கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.